மழையில் நடந்த வார்டு கூட்டம்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைத் திருவனந்தபுரத்தில் எல்லோரும் மலையாளத்தில் தோடு என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில் அப்பா, யாரோ ஒருவருடைய சைக்கிள் தோட்டில் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, காதில் போடுகிற தோட்டில் சைக்கிள் எப்படி விழும் என்று வெகுநேரம் குழம்பினாராம். இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்காது. அம்மாவின் மொழியில் ஓடைக்கு ஒரு சைகை, காதணிக்கு வேறு சைகை. குழப்பிக்கொள்ள வழியே கிடையாது.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சைகை மொழியும் தமிழ் எழுத்தும் தையலும் கற்றவள். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகு வீட்டிலேயே மிஷின் போட்டு யூனிஃபார்மும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்தாள். அப்பா தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நல்ல மனிதர். ஆனால் சைகை அவருக்கு வீட்டுக்குள் புழங்குகிற அளவுக்குத்தான் வந்தது. சாப்பாடு, தண்ணீர், உடம்பு சரியில்லை, நாளைக்கு லீவு. இதற்கு மேல் எது வந்தாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஒரே பிள்ளை. எனக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசியது என்று சொல்வார்கள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் என்று அம்மா போகிற இடமெல்லாம் அவளுக்கும் கவுண்டருக்கும் நடுவில் நான் நின்றேன். ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ரத்த அழுத்தம், தைராய்டு, டெபாசிட், மீட்டர் ரீடிங் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதாவது வார்த்தைகள் தெரிந்திருந்தன. அர்த்தம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். இதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல. வகுப்பில் நான் பின்பெஞ்சு. கவுண்டரில் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஒரு ஐப்பசியில் தோடு பெருகித் தெருவுக்குள் வந்துவிட்டது. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி அறிவித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்பா ஹோட்டலில், நான் வகுப்பில். அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி தைத்துக்கொண்டிருந்தாள். பெடல் மிதிக்கிற கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தாளாம். அதற்குள் தெரு காலி. எதிர்வீட்டு அத்தை ஒருத்திதான் பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடிவந்து, முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அத்தை என்றால் உறவில்லை. அவளும் தெற்கத்திக்காரி, வீட்டில் இட்லி அவித்து விற்பவள். பள்ளிக்கூடத்தில் நான் அம்மாவைப் பார்த்தபோது அவள் கையில், பாதி தைத்த ஒரு யூனிஃபார்ம் சட்டை இருந்தது. மிஷின் தண்ணீருக்குள்.

அடுத்த வருஷம், தோட்டோரத்து வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு எங்களுக்கு வேறு இடத்தில் ஃபிளாட் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதற்காக முதல் கூட்டம் போட்டார்கள். வழக்கம்போல அம்மாவுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நான் கையால் சொல்ல ஆரம்பித்தேன். மேடையில் பேசியவர் வாய்க்கு வாய் ‘குணபோக்தாக்கள்’ என்றார். பயன்பெறுவோர் என்று அர்த்தம். எனக்கு அதில் குணம் மட்டும் பிடிபட்டது. நல்ல குணமுள்ளவர்களுக்கு ஃபிளாட் கொடுப்பார்கள் என்று சொன்னேன். அம்மா தெருக்காரர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இட்லி அத்தையைத் தவிர இங்கே யாருக்கும் கிடைக்காது போலிருக்கிறதே என்றாள்.

இன்னும் பெரிய வார்த்தைகள் வந்தபோது, ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று கையைக் காட்டினேன். அதற்குள் பேச்சு வெகுதூரம் போய்விட்டது. நடுவில் கூட்டம் முழுக்கச் சிரித்தது. என்ன என்று அம்மா கேட்டாள். நான் யோசித்துச் சொல்லி முடித்தபோது அவள் மட்டும் தனியாகச் சிரித்தாள், முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கூட்டம் கலைந்ததும் தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. வீட்டை முதலில் இடித்துவிடுவார்களாம், ஃபிளாட் பிறகு வரும்போது வரும் என்று ஒரு கட்சி. அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. இடித்துவிட்டால் மிஷினை எங்கே போட்டுத் தைப்பது? அப்படியா சொன்னார்கள் என்று அம்மா என்னைக் கேட்டாள். தெரியாது என்று கையை விரித்தேன். அம்மா கோபிக்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் இருக்கிற பள்ளித் தோழியை வீடியோ காலில் கூப்பிட்டு வெகுநேரம் பேசினாள். அந்தச் சித்திக்கும் காது கேட்காது. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள். அடுத்த கூட்டத்துக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். என் வேலைக்கு வேறு ஆள் கேட்கிற வேலையையும் நானே செய்ய வேண்டியிருந்தது. செய்தேன். கவுன்சிலர் நல்ல மாதிரி. என் கன்னத்தைத் தட்டி, “அதினு மோள் உண்டல்லோ!” என்றார். அதற்குத்தான் மகள் இருக்கிறாளே என்று நானும் சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னேன். அம்மா சொன்ன பதிலைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது.

“மோள்க்கு பத்து வயசே ஆயிட்டுள்ளூ.” மகளுக்குப் பத்து வயதுதான் ஆகிறது என்று.

கவுன்சிலர் அம்மாவை ஒரு கணம் பார்த்தார். ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

அப்பாவுக்கும் இது புரியவில்லை. “நீ உண்டல்லா மக்கா, பொறவு எதுக்கு வேற ஆளு?” என்று என்னிடமே கேட்டார். அதே கேள்விதான் எனக்கும். அம்மாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சைகை மொழியில் கோபித்துக்கொள்வது சுலபம், வேறு பக்கம் பார்த்தால் போதும்.

இரண்டாம் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில். ஆடிட்டோரியம் என்பது பெயர்தான். மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே தகர ஷீட். அப்பாவுக்கு ஹோட்டலில் லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் போனபோது மேடைக்குப் பக்கத்தில், கவுன்சிலர் ஏற்பாடு செய்திருந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். பூப்போடாத கருநீலச் சுடிதார், கையில் வளையல் இல்லை, மோதிரம் இல்லை. விசேஷத்துக்கு வருகிறவள் இப்படியா வருவாள் என்று நினைத்தேன். பார்க்கிறவர்களுடைய கண் கையை விட்டு வேறெங்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உடுப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவள் அம்மாவைப் பார்த்ததும் முன் வரிசையில் உட்காரவைத்து, எந்த ஊர்ப் பள்ளி என்று கேட்டாள். சைகையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தண்ணீருக்கு நீங்கள் எப்படி, வாடகைக்கு எப்படி, சனிக்கிழமைக்கு எப்படி என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சைகை பாளையங்கோட்டையில் ஒன்றாகவும் இங்கே வேறாகவும் இருக்கப்போய் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொந்த ஊர்க்காரியை ரயிலில் பார்த்த மாதிரி இருந்தது அம்மாவின் முகம். நான் என்ன செய்ய என்று கேட்டேன். நீ உட்கார், சும்மா உட்கார் என்றாள் அம்மா. எனக்கு அதுதான் வராது.

கார்ப்பரேஷனிலிருந்து வந்திருந்த ஆபீசர் பேச ஆரம்பித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று அவள் கைகளை உயர்த்தினாள். நானும் உன்னிப்பாகப் பார்த்தேன், எங்காவது தப்பு செய்கிறாளா என்று. குணபோக்தாக்கள் வந்தது. அவள் ஒரு நொடிகூடத் தயங்காமல் ‘வீடு பெறப்போகிறவர்கள்’ என்றாள். அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

போன தடவை தோட்டைத் தூர் வாரியபோது ஒரு சோபா, ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ் எல்லாம் கிடைத்தன, ஃபிளாட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதிலேயே இருக்கிறது, நீங்கள் கைவீசிக்கொண்டு வந்தால் போதும் என்றார் ஆபீசர். கூட்டம் சிரித்தது. நான் அவசரமாக அம்மா பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினேன். அம்மா ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரித்து, எல்லோரும் நிறுத்தும்போது நிறுத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ரிப்பனைச் சரிசெய்துகொண்டேன்.

அப்போதுதான் மழை பிடித்தது. அந்த ஊரில் ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும், வந்தால் தகர ஷீட்டுக்கு அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஒரு பெரிய மின்னல். மைக் நின்றது, ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. ஆபீசர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்கு அடுத்த இடத்துக்குப் போக நேரமாகியிருக்க வேண்டும். கவுன்சிலர் தொடரச் சொல்லிக் கையைக் காட்டியதும் தொண்டையைத் திறந்து பேச ஆரம்பித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் தெரிந்தது. குரல் முதல் வரிசைக்கே வரவில்லை. “கேக்கல!” என்று தமிழிலும் மலையாளத்திலும் பின்னாலிருந்து கத்தினார்கள். அந்தச் சத்தமும் மேடைக்குப் போகவில்லை.

கருநீலச் சுடிதார்க்காரி மட்டும் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அங்கே பக்கவாசல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆபீசரையும் சட்டைக் கையைத் தொட்டுத் தன்னோடு வரச்செய்து, காதை அவர் பக்கம் சாய்த்து, கையை வெளிச்சத்துக்குக் கொடுத்தாள். சாரல் அவள் தோளில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று அம்மாவின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள்.

அதை இட்லி அத்தை பார்த்துவிட்டாள். என் காதுக்குள் வாயை வைத்து, “ஏட்டி, ஒங்கம்மா சிரிக்கா! என்னத்தச் சொல்லுதாரு அந்தாளு?” என்று கத்தினாள்.

நானும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மழையைப் பார்ப்பதும் அத்தையைப் பார்ப்பதுமாகப் பாதியை விட்டிருந்தேன். அம்மாவைக் கேட்டேன். அம்மா கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலேயே எனக்குச் சொன்னாள். நான் அத்தையின் காதில் கத்தினேன்.

“சாவி கையில தந்த பொறவுதான் வீட்ட இடிப்பாங்களாம்! அதுவரைக்கும் யாரையும் வெளிய எறக்க மாட்டாங்களாம்!”

அத்தை எழுந்து நின்று பின் வரிசைக்குச் சொன்னாள். பின் வரிசை அதற்குப் பின் வரிசைக்குச் சொன்னது. பக்கத்துத் தெரு ஆட்டோக்கார சேட்டன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னருகில் வந்து, “எந்தா மோளே, பின்னே எந்தா பறஞ்ஞது?” என்று அடுத்துச் சொன்னது என்ன என்று கேட்டார். வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் கீழ்த்தளம், மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் தளம். மிஷின் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கை சொல்லச் சொல்ல நான் கத்தினேன். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நாளைக்கே சாவி தருகிறார்கள் என்று ஆகி, அங்கே கைதட்டல் கேட்டது. அத்தை ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்தாள். காது கேட்கிற அத்தனை பேரும் மேடையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இது எதையும் கவனிக்கவில்லை. அவள் கூட்டத்துக்கு வந்தவள், கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை ஓய்ந்து சொட்டத் தொடங்கியபோது, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் ஆபீசர். கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா கையைத் தூக்கினாள். பழக்கத்தில் நானும் எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

அவள் கைகள் பேச ஆரம்பித்தன. மேடையிலிருந்த பெண் அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். நிதானமான, கனமான, சுத்தமான மலையாளம் வந்தது.

“சார், போன வருஷம் வெள்ளம் வந்தபோது மைக்கில் அறிவித்தீர்கள். எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் காலைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புதிய வீடு வருவதற்கு இன்னும் எத்தனை மழை இருக்கிறதோ தெரியாது. அதுவரைக்கும் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? புதிய வீட்டில் கதவைத் தட்டினால் எனக்கு எப்படித் தெரியும்?”

அதுவரை வெளியுலகத்தில் அம்மா பேசியதெல்லாம் என் குரலில்தான். கீச்சென்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. கேட்கிறவர்களும் என் கன்னத்தைத் தட்டிவிட்டு என்னிடமே பதில் சொல்வார்கள், மிட்டாய் இருந்தால் மிட்டாய் கொடுப்பார்கள். அன்று யாருக்கும் தட்டக் கன்னம் கிடைக்கவில்லை. ஆபீசர் மேடையின் விளிம்புக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். இதை நாங்கள் யோசிக்கவில்லை என்றார். கவுன்சிலரைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். வெள்ள எச்சரிக்கை வந்தால் அம்மாவின் போனுக்குத் தகவல் வரும், கூடவே ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து சொல்வார், ஃபிளாட்டில் மணிக்குப் பதிலாக விளக்கு எரிகிற பெல் என்றார். வார்டில் இன்னும் யாராவது இப்படி இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு மூலையிலிருந்து வயதான ஒருவர், “எனிக்கும் செவி கேள்க்கில்லா” என்று எழுந்து நின்றார். மொத்தக் கூட்டமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய மனைவிதான் அவரை எழுப்பிவிட்டிருந்தாள்.

சொன்னபடி எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. ஃபிளாட் வர எத்தனையோ வருஷம் ஆனது. ஆனால் அடுத்த மழையில், ஜீப் வருவதற்கு முன்னாலேயே, குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் இருந்த ஒரு சேச்சி குடையோடு வந்து எங்கள் வீட்டு லைட்டைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்தாள். இந்த முறை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மிஷினைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

அன்றைய கூட்டம் அம்மாவின் கேள்வியோடு முடிந்துவிடவில்லை. ஆபீசர் போனதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நன்றி சொல்ல வந்தார். அவர் இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தவர் போலத் தெரிந்தது. வந்த ஆபீசருக்கு நன்றி, வர முடியாமல் போன ஆபீசருக்கு நன்றி, மைக் செட்டுக்காரருக்கு நன்றி, நாற்காலி கொடுத்த பந்தல் கடைக்கு நன்றி, சாயா போட்டவருக்கு நன்றி. மழையையும் விட்டுவைக்கவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். இட்லி அத்தை மாவு அரைக்க வேண்டும் என்று போய்விட்டாள். ஆட்டோக்கார சேட்டன் போய்விட்டார். எனக்குப் பசி. வா போகலாம், இது வெறும் நன்றி சொல்வது, ஒன்றுமே இல்லை என்று அம்மாவின் முன்னால் கையை ஆட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடையிலிருந்த பெண்ணுக்குத் தோள் வலித்திருக்க வேண்டும். நடுவில் கைகளை உதறிக்கொண்டு, இதுவும் வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா எழுந்து போய்த் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லுங்கள் என்றாள். செயலாளர் கரண்ட் போன பிறகும் கடைசிவரை இருந்த பொதுமக்களுக்கு நன்றி சொன்னபோது, அங்கே பொதுமக்கள் என்று நாங்களும் இன்னும் சிலரும்தான் இருந்தோம். அவர் முடித்ததும் அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை அசைத்தாள். அவர்களுடைய கைதட்டல் அது. எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், அதில் என்ன இருந்தது என்று. ஒன்றுமே இல்லை என்றாள் அம்மா, மிகவும் திருப்தியாக. ஒன்றுமே இல்லாத பேச்சுக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டு இவள் எதற்கு இப்படிச் சிரித்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து போனவர்கள் எல்லோரும் எத்தனையோ நன்றியுரைகளைக் கேட்டு அலுத்தவர்கள். அம்மா தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைக் கேட்டிருந்தாள்.